எதிர்ப்பக்கமாகச் சுற்றிய பஸ்

போன மாதம் தர்ஷினி ரெலிபோன் எடுத்தாள். நான் வேலை செய்த பஸ் சேவையில் நேர அட்டவணை போடும் பகுதியில் இருக்கிற பிள்ளை. கனடாவிலேயே பிறந்தவள். நான் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிவிட்டது. ஆனாலும் டிப்போவில் எல்லோரும் கூப்பிட்ட மாதிரி என்னை இன்னும் 'யோகன் அண்ணை' என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணை, ஒரு கொஸ்ஷன். உங்கட பழைய ரூட்டை எடுக்கப் போறம். இனி அந்த ஏரியா முழுக்க ஆப்பில புக் பண்ணினா வான் வரும். டைம்டேபிளே இல்லை. ஃபைலை மூடுறதுக்கு முன்னம் பாத்தா, காலமை அந்த லூப் ரிவர்ஸில ஓடுது. மற்ற லூப் எல்லாம் வலப்பக்கம் திரும்புது, உது மட்டும் இடப்பக்கம். லைக், ஏன்?"

"காரணம் எண்டு ஒண்டும் எழுதேல்லையோ?"

"'தெரு நிலைமை' எண்டு மட்டும் கிடக்கு. என்ன தெரு நிலைமை அண்ணை? நான் போய்ப் பாத்தனான். அங்க ஒரு நிலைமையும் இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு கண்ணும் கலங்கிவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். "அவள் ஒரு வரி கேட்டவள், நீங்கள் எழுதக் கொப்பி வாங்கப் போறியள்" என்று மனைவி நக்கலடித்தாள். உண்மைதான். ஒரு வரியில் இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் கனடாவுக்கு வந்து இறங்கியது ரொறன்ரோவின் பார்க்டேலில். அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன், பிறகு மில்லிக்கன் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். கலியாணம் கட்டிப் பிள்ளைகள் வந்த பிறகு, வீடு மலிவு என்று எல்லோரையும் போல நகரத்துக்குக் கிழக்கே இருக்கிற அஜக்ஸுக்குப் போனோம். அந்தப் பிராந்தியத்து பஸ் சேவைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். ஆறு கிழமைப் பயிற்சி. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய பஸ்ஸை ஓட்டப் பழகுவது சுலபம், அதை நிறுத்தப் பழகுவதுதான் கஷ்டம். மிச்சமெல்லாம் மரியன் கற்றுத் தந்தது.

மரியன் எங்கள் மேற்பார்வையாளர். பிராந்தியத்தின் வடக்கே பால் பண்ணை வைத்திருந்த குடும்பத்துப் பெண். இருபது வருடம் தானே பஸ் ஓட்டிவிட்டு அந்தக் கதிரைக்கு வந்தவர். உயரமான ஆள், நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வானொலிக் கருவியில் எங்களைக் கூப்பிடும்போதுகூட 'தயவுசெய்து' என்று தொடங்கித்தான் பஸ் நம்பரைச் சொல்லுவார். அந்தத் 'தயவுசெய்து' எங்களுக்குப் பெரிய பயம். ஏச்சு வாங்கினால் திருப்பி ஏசலாம், மரியாதைக்கு என்ன மறுமொழி சொல்வது?

காலையில் வேலைக்குப் போனால் முதலில் அவருடைய யன்னலுக்கு முன்னால் நிற்க வேண்டும். உங்கள் கைக்கடிகாரம் என்ன நேரம் காட்டுகிறதென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அரை நிமிடம் வித்தியாசம் என்றாலும் அங்கேயே நின்று திருத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் அன்றைய ஓட்டத்தின் நேரச்சீட்டு கைக்கு வரும்.

அடுத்தது பஸ்ஸைச் சுற்றி வந்து பார்ப்பது. ரயர், சில்லு நட்டுகள், விளக்குகள், கண்ணாடிகள், சக்கர நாற்காலி ஏறும் பலகை, அவசர யன்னல், தீயணைப்பான். உள்ளே கடைசி இருக்கை வரை நடந்து போய்த் திரும்பவேண்டும். இதெல்லாம் எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் மரியன் சில நாட்களில் யாருக்கும் சொல்லாமல் ஏதாவது ஒரு பஸ்ஸில் சிவப்பு அட்டை ஒன்றை ஒளித்து வைத்துவிடுவார். சில்லுக்குப் பின்னால் இருக்கும், அல்லது தீயணைப்பானுக்கு அடியில் இருக்கும். உண்மையாகச் சுற்றிப் பார்த்தவன் அதை எடுத்து வந்து யன்னலில் கொடுப்பான். பார்க்காமல் பார்த்தேன் என்று கையெழுத்து வைத்தவன் அட்டையோடு தெருவுக்குப் போய்விடுவான். எனக்கு அந்த அட்டை ஒரேயொரு தரம்தான் தப்பியது. அன்று பின்னேரம் மரியன் என் பஸ்ஸுக்குள் ஏறி, அட்டையை எடுத்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு செல்லவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட அவர் எங்களுக்குள் ஏற்றியது ஒரு பாடம். அதை எனக்கு முதலாவது குளிர்காலத்தில் ஏற்றினார்.

ஒரு நாள் தெரு வெறுமையாக இருந்தது. ஒரு பஸ் தரிப்பில் இரண்டு நிமிடம் முந்திப் போய்விட்டேன். அங்கே யாரும் நிற்கவில்லை, ஆகவே நிற்காமல் எடுத்துவிட்டேன். கெட்டித்தனம் என்றே நினைத்தேன். அடுத்த நாள் மரியன் தன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு அதே தரிப்புக்குப் போனார். ஜனவரி மாதம், முகத்தில் ஊசி குத்துகிற காற்று. எங்களுக்கு முன்னால் பஸ் ஒன்று புறப்பட்டுப் போனது. "அடுத்தது ஒரு மணித்தியாலத்தில்" என்றார். தண்டனை போல, என்னை விட்டுவிட்டுப் போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. காரைப் பூட்டிவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு மணித்தியாலமும் நின்றார். நாற்பதாவது நிமிடத்தில் என் கால்விரல்கள் இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியவில்லை.

"நகரத்தில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் ஐந்து நிமிடத்தில் மற்றது வரும். இங்கே இதுதான்" என்றார். "பிந்தி வருகிற பஸ்ஸை ஆட்கள் ஏசுவார்கள். முந்திப் போன பஸ்ஸை ஏசக்கூட முடியாது. அது போய்விட்டதென்று தெரியாமல் வருமென்று நம்பிக்கொண்டு நிற்பார்கள்."

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் எந்தத் தரிப்பிலும் முந்திப் புறப்பட்டதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். முந்தவில்லை, ஆனால் வேறு விதமாகப் பிழைவிட்டேன். தர்ஷினியின் கேள்விக்கு மறுமொழி அங்கேதான் தொடங்குகிறது.

அது இரண்டாயிரத்து ஒன்பது. வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. சனம் கடற்கரையோரம் ஒரு சின்னத் துண்டு நிலத்தில் அடைபட்டுக் கிடந்தது. இங்கே ரொறன்ரோவின் நடுவில் எங்கள் ஆட்கள் இரவு பகலாகத் தெருவில் நின்றார்கள். சண்டையை நிறுத்துங்கள் என்று கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்தார்கள். எனக்கும் வன்னியில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருந்தான். கைகள் ஸ்டியரிங்கில் இருக்கும், புத்தி அங்கே இருக்கும்.

என் காலை ஓட்டம் ஒரு பெரிய குடியிருப்பைச் சுற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போவது. சுற்றின் முதல் தரிப்பில் ஆறு நாற்பத்திரண்டு. கடைசித் தரிப்பில் ஆறு ஐம்பத்தொன்று. ஏழு மணிக்கு நிலையம், ஏழு ஐந்துக்கு நகரத்து ரயில். முன்பு அரைவாசி இருக்கை காலியாக இருக்கும். அந்த மாதங்களில் எங்கள் சனத்தால் நிறைந்துவிட்டது.

முதல் தரிப்பில் ஏறுகிறவர் பரமேஸ் அன்ரி. அறுபத்தைந்து வயதிருக்கும். இரண்டு கையிலும் இரண்டு ஐஸ்கிறீம் வாளி. ஐஸ்கிறீம் முடிந்த வாளியைக் கழுவி வைத்துப் பாவிக்காத தமிழ் வீடு இங்கே கிடையாதே. ஒன்றில் இடியப்பம், மற்றதில் சம்பல். தெருவில் நிற்கிற பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு நாளும் கொண்டு போவார். ஒவ்வொரு நாளும் பிந்துவார்.

பஸ்ஸுக்குள் இருந்து சனம் கத்தும்.

"அண்ணை, நில்லுங்கோ, அன்ரி வாறா!"

அன்ரி வீதி வளைவில் ஓட்டமும் நடையுமாக வருவது கண்ணாடியில் தெரியும். எந்தத் தமிழன் பஸ்ஸை எடுப்பான்? நான் நின்றேன். முதலில் ஒரு நிமிடம். பிறகு மூன்று. பிறகு ஆறு.

ஒரு நாள் கேட்டேன்.

"அன்ரி, கொஞ்சம் வெள்ளன வெளிக்கிடேலாதே?"

"ஏலாது தம்பி. பிள்ளை ரெலிபோன் எடுப்பாள்."

மகள் வன்னியில் பள்ளிக்கூட ரீச்சர். மாசி மாதத்தில் இரண்டு தரம் எங்கோ ஒரு ரெலிபோனில் வரிசையில் நின்று எடுத்திருக்கிறாள். இரண்டு தரமும் இங்கே காலை ஆறரை தாண்டிய நேரம். அதற்குப் பிறகு சத்தமில்லை. மகனும் மருமகளும் விடிய முன்னமே தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் அன்ரி மட்டும். ஆறு நாற்பத்தைந்து வரை ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டு, பிறகுதான் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்.

"செல்போனுக்கு மாத்தி விடலாம் அன்ரி. கொம்பனிக்குச் சொன்னா செய்து தருவாங்கள்."

"அவளிட்ட இருக்கிறது இந்த நம்பர் ஒண்டுதான். லைனில கை வைச்சு அது விட்டுப்போச்செண்டா?"

அடுத்த நாளும் அன்ரிக்காக நின்றேன்.

இப்போது மற்றப் பக்கம். சுற்றின் கடைசித் தரிப்பில் லிண்டா என்று ஒரு பிலிப்பைன்ஸ் பெண் ஏறுவார். முதியோர் இல்லம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். காலை வணக்கம் சொல்லாமல் ஏறியது கிடையாது. நான் ஆறு நிமிடம் பிந்தினால் ஏழு ஐந்து ரயில் போய்விடும். எங்கள் சனம் அடுத்த ரயிலில் போகும், கூட்டத்துக்குக் குறித்த நேரமில்லை. லிண்டாவின் வேலைக்கு நேரம் உண்டு. முதல் நாள் ஓடிப் போய், மேடையில் ரயிலின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது தரம் ஓடவில்லை. மூன்றாவது தரத்துக்குப் பிறகு என் பஸ்ஸில் ஆளைக் காணவில்லை. வேலை மாறிவிட்டார் போல என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு விருப்பம்.

நாலைந்து நாள் கழித்து, டிப்போவிலிருந்து வெறும் பஸ்ஸோடு சுற்றைத் தொடங்கப் போய்க்கொண்டிருந்தேன். தெருவோரமாக லிண்டா நடந்து போகிறார். ரயில் நிலையத்துக்கு அங்கிருந்து நாற்பது நிமிட நடை. நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"ஏன் நடக்கிறீர்கள்? தரிப்புக்குப் போங்கள், நான் வந்துவிடுவேன்."

"பரவாயில்லை, நன்றி" என்றார், கோபமே இல்லாமல். "நடந்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று எனக்குத் தெரியும்."

கதவை மூடினேன். ஜனவரிக் குளிரில் மரியன் எனக்குப் பக்கத்தில் நின்றது ஞாபகத்துக்கு வந்தது. வெட்கம் என்றால் என்னவென்று அன்றுதான் அறிந்தேன். அதே நேரம், நாளைக்கு அன்ரியை விட்டுவிட்டு எடுக்கவும் என்னால் முடியாதென்று தெரியும். அடுத்த பஸ் ஒரு மணித்தியாலம் கழித்து. நான் நின்றால் லிண்டாவின் வேலை போகும். எடுத்தால் அன்ரி தெருவில் நிற்பார், இல்லாவிட்டால் ரெலிபோனை விட்டு எழும்புவார். அந்தப் பத்து நிமிடத்தில் அது அடித்தால்?

ஓட்டம் முடிந்ததும் மரியனின் யன்னலுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அந்தச் சுற்றில் காலையில் வாகன நெரிசல். பிந்துகிறது."

மரியன் என் நேரச்சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஆறு நாற்பத்திரண்டுக்கு அந்தக் குடியிருப்பில் வாகன நெரிசலா? அணில்களா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்ரி, மகள், ரெலிபோன், லிண்டா, நடை. என் இனத்து ஆள் என்பதால்தான் நின்றேன் என்பதையும் சொன்னேன். வேறு யாருமென்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றிருக்க மாட்டேன்.

அவர் நாலு கேள்விதான் கேட்டார். ரெலிபோன் எத்தனை மணிக்கு வந்தது? அந்த அம்மா எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட முடியும்? லிண்டா எந்தத் தரிப்பு? சுற்றைச் சுற்றி முடிக்க எத்தனை நிமிடம்?

"ஒன்பது" என்றேன்.

கடுதாசி ஒன்றில் ஒரு வட்டம் கீறினார். அம்புக்குறி ஒன்றை வலப்பக்கமாகப் போட்டார். அதை வெட்டிவிட்டு இடப்பக்கமாகப் போட்டார். முதல் தரிப்பு கடைசியானது, கடைசி முதலானது. அன்ரியின் தரிப்புக்கு பஸ் ஆறு ஐம்பத்தொன்றுக்கு வரும். யாருக்கும் ஒரு நிமிடமும் நிற்கத் தேவையில்லை. இத்தனை வருடம் அந்தச் சுற்றை ஓட்டிய எனக்கு அது தோன்றவில்லை.

"ஆனால் இதற்கு விலை கொடுக்கப் போவது லிண்டா" என்றார். "ஒன்பது நிமிடம் முந்தி வர வேண்டும். அவரைக் கேட்காமல் செய்ய மாட்டேன்."

அடுத்த மூன்று காலையும் மரியன் தரிப்பு தரிப்பாக நின்று, ஏறுகிற ஒவ்வொருவரையும் கேட்டார். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கனவான் மட்டும் தன் நித்திரை போகிறதென்று முணுமுணுத்தார். இனி உங்களுக்கு விரும்பிய இருக்கை கிடைக்கும் என்றார் மரியன். மனுசன் அதோடு சமாதானம். லிண்டாவைத் தெருவில் நடக்கும்போது பிடித்து, காரில் ஏற்றி, நிலையத்தில் இறக்கும்வரை பேசியிருக்கிறார். லிண்டா சொன்னதை எனக்குப் பிறகுதான் சொன்னார்.

"என் அம்மாவும் ஊரில் என்னுடைய ரெலிபோனுக்காக இப்படித்தான் இருக்கிறார். சரியான நேரத்துக்கு பஸ் எடுத்தால், நான் ஒன்பது நிமிடம் முந்தி வருகிறேன்."

நேர அட்டவணையை மாற்ற மரியனுக்கு அதிகாரம் கிடையாது. அதற்குக் கூட்டம், கடிதம், கோடைகாலம் எல்லாம் வேண்டும். ஆனால் தெருத் திருத்த வேலை, தண்ணீர்க் குழாய் உடைப்பு என்று ஏதும் வந்தால் பஸ்ஸை வேறு வழியால் அனுப்புகிற அதிகாரம் மேற்பார்வையாளருக்கு உண்டு. அந்தப் படிவத்தை எடுத்து நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்தார். பொய் எழுதுகிற ஆளில்லை. கடைசியில் 'தெரு நிலைமை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். தன் காரின் பின்பெட்டியிலிருந்து தற்காலிகத் தரிப்புக் கம்பங்களை எடுத்து, தெருவின் எதிர்ப்பக்கத்தில் அவரே ஒவ்வொன்றாக நட்டார். நான் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொடுத்தேன், அவ்வளவுதான் என் பங்கு.

எங்கள் ஆட்களோடு பழகாத, எங்கள் சண்டை எங்கே நடக்கிறதென்றுகூடச் சரியாகத் தெரியாத ஒரு மனுசி. அவரைப் போல ஒரு மேலதிகாரியை நான் பிறகு காணவில்லை.

சித்திரைக் கடைசியிலிருந்து பஸ் இடப்பக்கமாகச் சுற்றியது. ஆறு நாற்பத்திரண்டுக்கு லிண்டா ஏறுவார், காலை வணக்கம் சொல்லி. ஆறு ஐம்பத்தொன்றுக்கு அன்ரி, மூச்சிரைக்க. சில நாள் சரியாக அந்த நிமிடத்தில் வளைவில் தெரிவார், ஆனால் பிந்தியதே இல்லை. லிண்டா அவருக்குப் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து இடம் பிடித்திருப்பார். இருவருக்கும் பொதுவான பாசை நாலைந்து சொல்தான். ஏறியதும் லிண்டா "போன்?" என்று கேட்பார். அன்ரி தலையை ஆட்டுவார், இல்லையென்று. பிறகு இருவரும் ஆளுக்கொரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள்.

கோடை அட்டவணை போடும்போது மரியன் அந்த மாற்றத்தை அப்படியே நிரந்தரமாக்கிவிட்டார். அப்போது அதற்குத் தேவை இருக்கவில்லை. பழையபடி மாற்றவா என்று லிண்டாவைத்தான் கேட்டாராம். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றாராம் லிண்டா. தர்ஷினி, உன்னுடைய ஃபைலில் இருப்பது அதுதான்.

தேவை இல்லாமல் போனது வைகாசியில். நீண்ட வார இறுதி விடுமுறை அது. சண்டை முடிந்துவிட்டதென்று செய்தி வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் எங்கள் சனம் அரைவாசிதான். தெருவிலும் வாகனமில்லை. அன்ரியின் தரிப்புக்கு இரண்டு நிமிடம் முந்தி, ஆறு நாற்பத்தொன்பதுக்கே போய்விட்டேன்.

அன்ரி அங்கே ஏற்கனவே நின்றார். இரண்டு கையிலும் வாளிகள். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவர் எனக்காகக் காத்து நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கதவைத் திறக்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

ஏறினார். மூச்சிரைக்கவில்லை.

"வெள்ளன வந்திட்டியள், அன்ரி."

"ஓம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் வந்தது. வவுனியாவில இருந்து ஒரு பாதர் எடுத்தவர்." வாளிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிள்ளை இல்லையாம்."

வாளிகளைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

"வீட்டில இருந்து என்ன செய்ய? அங்க நிக்கிற பிள்ளையள் சாப்பிடாம நிக்குங்கள்."

லிண்டா எழும்பி வந்தார். அன்று "போன்?" என்று கேட்கவில்லை. ஒரு வாளியை வாங்கிக்கொண்டு, அன்ரியின் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் இருத்தினார்.

நேரச்சீட்டில் இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. கதவைத் திறந்தபடி வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த இரண்டு நிமிடத்தைத் தாங்க முடியவில்லை. எடுத்துவிட வேண்டும், எங்காவது ஓடிவிட வேண்டும் போல இருந்தது. பின்னாலிருந்து ஒரு பெடியன் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணை, அன்ரி ஏறிட்டா. எடுங்கோவன்."

மறுமொழி சொன்னது அன்ரி.

"நிக்கட்டும் தம்பி. ஆரேனும் ஓடி வருவினம்."

ஆறு ஐம்பத்தொன்று ஆனதும் கதவை மூடினேன்.